பிள்ளையின் நாட்டம் அறிந்து படிப்பு: ஆண்டாப் ஹில் தமிழ்க் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மும்பை மாநகராட்சிக் கல்வித் துறை, எஃப் வடக்கு வார்டு அலுவலகம், மகாராஷ்டிரப் பள்ளிக் கல்வித் துறை, சயான் கோலிவாடா சட்டமன்ற உறுப்பினர், வட்டாரப் பள்ளி, கல்லூரி நிர்வாகங்கள்.

முகவுரை

ஆண்டாப் ஹில், விஜய் நகர், சங்கம் நகர், சயான் கோலிவாடா பகுதிகளில் வாழும் பெற்றோரும் மாணவரும் இச்சாசனத்தை முன்வைக்கிறோம்.

எங்கள் முன்னோர் பலருக்கு இந்நகரில் வேலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருந்ததில்லை. முன்னால் வந்த ஊர்க்காரர் எதைக் காட்டினாரோ அதில் சேர்ந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குப் போனார்கள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று வந்தவர்கள் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் அமர்ந்தார்கள். அந்த உழைப்பில்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் அவர்களின் பேரப்பிள்ளைகளின் படிப்பையும் இன்றுவரை அக்கம்பக்கத்தார் பேச்சும் மதிப்பெண்ணும்தான் தீர்மானிக்கின்றன.

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்கு வந்து பாருங்கள். 11-ஆம் வகுப்புக்கான ஆன்லைன் விண்ணப்பம் அங்கேதான் நிரப்பப்படுகிறது. வாசல் வரை வரிசை. "சயன்ஸா, காமர்ஸா?" என்று கேட்கிறார் கணினி முன் இருப்பவர். அம்மா மார்க் ஷீட்டைப் பார்க்கிறார். மகள் அம்மாவைப் பார்க்கிறாள். சதவீதத்தைப் பார்த்துப் பிரிவு முடிவாகிவிடுகிறது. பாட்டியைச் சயான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், டாக்டர் மராத்தியில் சொல்வதைத் தமிழில் விளக்கி, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று சலிக்காமல் சொல்லிக்கொடுக்கிற பெண் அவள். செவிலியர் படிப்பு பிடிக்குமா, மருத்துவச் சமூகப் பணி பிடிக்குமா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. சமூகப் பணி படிக்க, 1936-இல் தொடங்கிய டாட்டா சமூக அறிவியல் கழகம் செம்பூரை அடுத்த தேவ்னாரில் இருப்பதையும் யாரும் சொன்னதில்லை.

1908-இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் மூன்று படிகளைச் சொன்னார்: தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல். நூறாண்டு கடந்த பிறகும் எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதல் படியே எட்டவில்லை. ஆகவே கோருகிறோம்:

1. வழிகாட்டல் எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். மாநிலத் தேர்வு வாரியம் 2016-இல் பத்தாம் வகுப்பினருக்கு விருப்பமறியும் 'கல் சாச்சணி' நடத்தியது நல்ல முயற்சி. ஆனால் பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் நடக்கும் ஒரு சோதனை மட்டும் போதாது. பயிற்சி பெற்ற ஆலோசகர் ஆண்டுதோறும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

2. பேச்சு பிள்ளைக்குப் பழகிய மொழியில் நடக்க வேண்டும். தமிழ், மராத்தி, இந்தி, உருது எதுவானாலும் சரி. ஆங்கிலத்தில் தடுமாறுவதைத் திறமைக் குறைவாகக் கணக்கிடக் கூடாது.

3. தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்லும் பத்து 'பையில்லா நாட்கள்' நிஜமாக நடக்க வேண்டும். 1887-இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரியும், 1933-இல் தொடங்கிய வேதியியல் தொழில்நுட்பக் கழகமும் பக்கத்து மாட்டுங்காவில் இருக்கின்றன. அவற்றின் பட்டறையையும் ஆய்வகத்தையும் பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சயான் மருத்துவமனை, குர்லா ஐ.டி.ஐ., ஜே.ஜே. கலைக் கல்லூரி ஆகியவையும் இப்பட்டியலில் சேர வேண்டும்.

4. ஐ.டி.ஐ. படிப்பை 'மார்க் இல்லாதவன் போகும் இடம்' என்று எந்த ஆசிரியரும் சொல்லக் கூடாது. கழற்றிப்போட்ட மிக்சியை மறுபடி ஓடவைக்கும் பையனுக்கு அது முதல் விருப்பமாகவே இருக்கலாம். 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் தரும் உதவித்தொகை விவரம் பள்ளிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் பிரிவுகளில் சேரப் பெண் பிள்ளைகளையும் ஊக்குவிக்க வேண்டும்.

5. முடிவு வெளியாகும் பருவத்தில் மாநகராட்சிப் பள்ளிகளில் இலவச விண்ணப்ப உதவி மையம் வேண்டும். கட்டணம், விடுதி, உதவித்தொகை மூன்றையும் விளக்கிச் சொன்ன பிறகே விருப்பப் பட்டியல் நிரப்பப்பட வேண்டும்.

6. மறுவாய்ப்பு வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் பாதுகாப்பு 14 வயதோடு நிற்கிறது. அதன்பின் படிப்பை விட்டவர்களுக்கும், தவறான பிரிவில் சேர்ந்து தவிப்பவர்களுக்கும் ஆலோசனையும் திறந்தநிலைப் பள்ளி வழியும் காட்டப்பட வேண்டும்.

7. எந்தச் சோதனை முடிவும் தீர்ப்பாகக் கூடாது. அது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. சேர்க்கையை மறுக்க அதைப் பயன்படுத்தவோ, பயிற்சி மையங்களுக்கு அதை விற்கவோ கூடாது.

8. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் வழிகாட்டலும் அளித்துவருகிறது. அதுபோன்ற, நிதி ஒதுக்கப்பட்ட திட்டம் ஒன்றை மகாராஷ்டிர அரசு எல்லா மொழிப் பிள்ளைகளுக்கும் அறிவிக்க வேண்டும்.

எங்கள் உறுதிமொழி

பெற்றோராகிய நாங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு எங்கள் பிள்ளையை ஒப்பிட மாட்டோம். குடும்ப வருமானத்தை மறைக்காமல் பேசி, பிள்ளையோடு சேர்ந்து முடிவெடுப்போம். இங்கே வாழும் நர்ஸ், வெல்டர், கணக்காளர், ஓவியர், ரயில்வே ஊழியர் எல்லோரையும் பள்ளிக்கு அழைத்து வந்து, தங்கள் வேலையின் நல்லதையும் கெட்டதையும் சொல்ல வைப்போம்.

அடுத்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அதிகாரியையும் கால வரம்பையும் குறித்து எழுத்துமூலம் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை ஆண்டாப் ஹில்லில் பொதுக்கூட்டம் கூட்டி மாணவர்கள் முன்னிலையில் படிப்போம்; பதில் வராத துறைகளின் பெயரையும் அங்கேயே படிப்போம்.