குரைத்தால் மட்டும் போதுமா?

நெல்லியடியிலோ கொக்குவிலிலோ கடை மாடியில் ஓடும் லினக்ஸ் சேர்வருக்கு இரவில் ஆள் காவல் கிடையாது. செயலியின் ஒரு கோர் கேர்னலுக்குள்ளேயே 20 செக்கனுக்கு மேல் சிக்கி மற்ற வேலைகளுக்கு இடம் விடாவிட்டால், 'சொஃப்ட் லொக்கப்' என்று கேர்னலின் காவல்நாயான வாட்ச்டோக் எழுதிவைக்கும். டைமர் இன்ரறப்டுக்கும் அசையாமல் 10 செக்கன் கிடந்தால் 'ஹார்ட் லொக்கப்'. வழமையான இன்ரறப்டுகளை மூடிவைத்தாலும் உள்ளே நுழையும் என்எம்ஐ அதைக் கண்டுபிடிக்கும். கெட்டித்தனமான ஏற்பாடுதான். ஆனால் கேர்னலின் இயல்பமைப்பில் இரண்டுக்கும் வெறும் எச்சரிக்கை மட்டுமே. சாமத்தில் அந்த வரியை யார் வாசிப்பது? லொக்கப் என்றால் பானிக் (கேர்னல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது), பானிக் என்றால் சில செக்கனில் ரீபூட் என்று மாற்ற அமைப்புக் கோப்பில் மூன்று வரி போதும். எழுதிக்கொண்டிருந்த தரவு கொஞ்சம் போகலாம். விடியும்வரை முடங்கிக் கிடப்பதைவிட அது மேல். ஆளில்லாத சேர்வர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே செய்துவிடுங்கள்.