மலைச்சரிவுக்கு ஏற்ற வண்டி

இருபது அங்குலச் சக்கரமும் உறுதியான பிரேமும் கொண்ட பி.எம்.எக்ஸ். சைக்கிளைத் தம் பிள்ளைக்கு வாங்க விரும்பும் மாத்தளைப் பெற்றோர், வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் ஆதாரமாகக் கொண்டு தீர்மானிக்கலாகாது என்பதே என் அபிப்பிராயம்.

பிரசித்தமான வண்டிப் பெயர்களின் கீர்த்தி வீணாக வந்ததன்று. கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களைக் கண்டு உற்சாகங்கொண்ட சிறுவர்கள் மண்மேடுகளில் சைக்கிளைத் தாவச் செய்தபோது, சாதாரணக் கம்பிச் சக்கரங்கள் நெளிந்து முறிந்தன. அக்குறையை நிவர்த்தி செய்ய 1974இல் ஸ்கிப் ஹெஸ் என்பவர் வார்த்தெடுத்த சக்கரத்திலிருந்தே மங்கூஸ் என்னும் வண்டி உற்பத்தியாயிற்று. பந்தயக் கார்களுக்குச் சட்டம் அமைத்துத் தேர்ந்த கேரி டர்னர், தம் மகனுக்காகக் குரோம்–மொலிப்டினம் உருக்குக் குழாய்களை இணைத்துச் செய்த வண்டியே பிற்காலத்தில் ஜி.டி. ஆயிற்று. ஜப்பானியக் குவாஹரா 1982இல் ‘ஈ.டி.’ திரைப்படத்தினால் உலகப் பிரசித்தி பெற்றது. நம் பாட்டன்மார் நன்கறிந்த ராலே நிறுவனமும் அவ்வாண்டிலேயே ‘பேர்னர்’ என்னும் வண்டியை இங்கிலாந்தில் விற்பனைக்கு விட்டது.

ஆனால் அந்தக் கைகள் இன்று அந்த வண்டிகளைச் செய்வதில்லை. ஒருகாலத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்ட ஷ்வின், ஜி.டி., மங்கூஸ் ஆகிய மூன்று சைக்கிள் பெயர்களும் 2022 ஜனவரியில் நெதர்லாந்தின் போன் நிறுவனத்துக்கே சொந்தமாயின. பந்தயத்துக்குரிய இலேசான வண்டியிலும், அமெரிக்கப் பேரங்காடிகளில் மலிவாக விற்கும் கனத்த வண்டியிலும் மங்கூஸ் என்ற ஒரே பெயர் காணப்படுகிறது. அப்பெயரைத் தரத்துக்குச் சாட்சியாகக் கொள்வது எவ்வாறு?

மேலும், இவ்வகை வண்டி எதற்காகப் படைக்கப்பட்டதென்பதையும் சிந்திக்க வேண்டும். மண்பாதையில் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டத்துக்கென்றே அமைந்ததாகையால் இதற்குக் கியர் ஒன்றே. பந்தய வண்டிகளில் பின்பிரேக் மாத்திரமே இருக்கும். வித்தை காட்டுவோரில் சிலர் அதனையும் கழற்றிவிடுவர். தம்புள்ளை, கலேவெல முதலிய சமதரைப் பிரதேசங்களில் இதனால் பெரிய அபாயமில்லை. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் நோக்கி ஏறும் வீதியிலும், எல்கடுவைச் சரிவுகளிலும், பலக்கடுவ வளைவுகளிலும், தோட்டத்து லயங்களிலிருந்து இறங்கும் ஒடுங்கிய பாதைகளிலும் நிலைமை முற்றிலும் வேறு. ஏற்றத்தில் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். இறக்கத்திலோ அவனுடைய உயிர் முழுவதும் பிரேக் கட்டைகளையே நம்பியிருக்கிறது. குரோமியம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் ரப்பர் கட்டை வழுக்கும், அலுமினிய ரிம்மிலோ அது நன்றாகப் பற்றும் என்பதை, ஒக்டோபர், நவம்பர் மழைகளைக் காணும் நம் மாவட்டத்தார் ஒருகாலும் மறத்தலாகாது.

ஆகவே என் தீர்ப்பு இது: இரண்டு பிரேக்குகளும் அலுமினிய ரிம்மும் முதலாவது, பிரதான குழாய்களாவது குரோம்–மொலிப்டினம் உருக்காயிருப்பது அடுத்தது, உதிரிப்பாகம் நம் நகரத்திலேயே கிடைப்பது மூன்றாவது, பெயருக்கு இறுதி ஸ்தானமே. 2022இல் எரிபொருள் இன்றி நாடே சைக்கிளை நாடிய நாட்களில் விலை ஏறியதும் உதிரிப்பாகத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்ததும் நினைவிருக்கும் எவரும் மூன்றாவதை அற்பமென்று ஒதுக்கமாட்டார். பாணந்துறையில் உற்பத்தியாகும் லுமாலாவைப் பழுதுபார்க்க அறியாத சைக்கிள் கடைக்காரர் இத்தீவில் அரியர். அதன் சிறுவர் வண்டி உருக்கின் நயத்தில் ஹாரோ, ரெட்லைன் போன்ற பேர்பெற்ற பி.எம்.எக்ஸ். வண்டிகளுக்கு நிகரானதன்று. எனினும் செய்தவர் இன்னாரென்று தெரியாத, அந்நிய நாமம் ஒட்டிய மலிவு வண்டியைக் காட்டிலும் அதனையே நான் சிபாரிசு செய்வேன்.

பிரேம் எந்த உருக்கு, ரிம் எந்த உலோகம், உற்பத்தி செய்தவர் யார் என்ற மூன்றையும் ஒவ்வொரு வண்டியிலும் தமிழிலும் சிங்களத்திலும் பொறித்தே விற்க வேண்டுமென நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஆணையிடுதல் அவசியம். அதுவரையில் பெற்றோர், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பு, ரிம்மின் மேல் தண்ணீர் ஊற்றிப் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.