மரபணு மாறினால் மரபு நோயா?



வாசகி ஒருவர் நமக்கு மடல் எழுதியுள்ளார். அவருடைய வாப்பாவின் கழுத்தில் தோன்றிய நெறிக்கட்டி, நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் எனத் தெரியவந்ததாம். பயாப்ஸி அறிக்கையில் மரபணு இடமாற்றம் உள்ளது என்று ஒரு வரி. தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த வீட்டாரின் செவிக்கு இச்செய்தி எட்டியதும், பரம்பரை நோய் என்று கருதிப் பேச்சை நிறுத்திவிட்டனராம். பிள்ளைகளாகிய எங்களுக்கும் இது வருமா என்று கேட்கிறார்.

அந்த மரபணு மாற்றத்தின் வழியே வராது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

ஜீன் என்பதை நாம் மரபணு என்று தமிழாக்கினோம். சொல்லுக்குள்ளேயே மரபு இருப்பதால், ஜீனில் நேரும் எந்த மாற்றமும் பாட்டனாரிடமிருந்து வந்தது, பேரனுக்குப் போவது என்று எண்ணிவிடுகிறோம். இப்பெயரால் விளைந்த குழப்பம் சிறிதன்று.

உண்மையில் நடப்பது வேறு. இரத்த வெள்ளணுக்களுள் லிம்போசைட் என்னும் வகைக்கு ஒரு தனித்திறனை வல்ல இறைவன் வழங்கியுள்ளான். எண்ணற்ற கிருமிகளுக்கு எதிரான ஆயுதங்களைச் செய்வதற்காக, அவை தம் ஜீன்களின் சில பகுதிகளைத் தாமே வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. தையற்காரர் ஒரே துணியை வெட்டிப் பலவித ஆடைகள் தைப்பதைப் போல. அவ்வாறு வெட்டி ஒட்டுகையில், என்றோ ஒருநாள், ஒரே ஒரு செல்லில், ஒரு குரோமோசோமின் துண்டு வேறொரு குரோமோசோமில் தவறாக ஒட்டிக்கொள்கிறது. வேறு சில கோளாறுகளும் சேர்ந்து அந்த ஒரு செல் பெருகிப் பெருகிக் கட்டியாகிறது. தந்தையின் விந்தணுவிலோ தாயின் கருமுட்டையிலோ இம்மாற்றம் இல்லை. பிறகு பிள்ளைக்கு எவ்வாறு போகும்? லிம்போமா உற்றவரின் நெருங்கிய இரத்த உறவினர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு பிறரைவிடச் சற்றே கூடுதல் என்பது மெய்தான். ஆயினும் அது மிகச் சிறிய வாய்ப்பின் மேல் சிறிதளவு கூடுவதேயாகும். நிக்காஹ் பேச்சை நிறுத்துவதற்கு அது காரணமாகாது.

அப்படியாயின் மருத்துவர் அவ்வரியை எழுதியது ஏன்? வாப்பாவுக்கு எந்த மருந்து பொருந்தும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

உகாண்டாவின் கம்பாலாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர், 1958இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் தோன்றும் ஒரு கட்டியைப் பற்றி எழுதினார். அக்கட்டியின் செல்களில் 8ஆம் குரோமோசோமின் துண்டு 14ஆவதில் ஒட்டியிருப்பதை 1976இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் லோரே செக்கும் அவருடன் பணியாற்றியோரும் கண்டனர். அங்கே இடம்பெயர்வது ‘மிக்’ என்னும் ஜீன் என்பது 1982இல் தெளிவாயிற்று. செல்லைப் பெருகத் தூண்டும் ஜீன் அது. புதிய இடத்தில் குடியேறியதும் ஓயாமல் இயங்குகிறது. ஓரிரு நாட்களில் இருமடங்காகவல்ல கட்டி இது. ஆனால் காலந்தாழ்த்தாது வீரியமான மருந்துகளைக் கொடுத்தால், நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகின்றனர்.

14க்கும் 18க்கும் இடையே நேரும் மாற்றமோ வேறு தன்மையது. அதில் இடம்பெயரும் ‘பி.சி.எல்.2’ செல்லைப் பெருக்குவதில்லை. சாக வேண்டிய வேளையில் சாகவிடாமல் காக்கிறது. இதனால் வரும் ஃபாலிகுலர் லிம்போமா பெரும்பாலும் மெல்ல வளர்வது. சிலருக்கு மருந்தே கொடுக்காமல் கண்காணித்து மட்டும் வருவர். மருந்து எழுதாத மருத்துவரை உறவினர்கள் சினந்துகொள்வதும் உண்டு! நலமாயுள்ள பலருடைய இரத்தத்திலும் இதே மாற்றம் கொண்ட செல்கள் சிலவற்றைக் காணலாம் என்பது வியப்பன்றோ?

இவ்விரு மாற்றங்களும் ஒரே கட்டியில் சேர்வதும் உண்டு. ‘டபுள் ஹிட்’ எனப்படும் இதனை உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வகைப்பாட்டில் தனிவகையுள் சேர்த்தது. வழக்கமான ‘ஆர்-சாப்’ மருந்துக் கூட்டு இவர்களுள் பலருக்குப் போதாமையால், வீரியம் மிக்க முறையை மருத்துவர்கள் பெரும்பாலும் நாடுகின்றனர். நுண்ணோக்கியில் மட்டும் பார்த்தால் இதுவும் சாதாரணப் பெருஞ்செல் லிம்போமாவும் ஒன்றுபோலவே தோன்றலாம். வேறுபடுத்திக் காட்டுவது மரபணுச் சோதனையே.

அச்சோதனையின் பெயர் ‘ஃபிஷ்’. மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை! ஒரு ஜீனின் இரு பக்கங்களிலும் சிவப்பு, பச்சை என ஒளிரும் சாயங்களை ஏற்றுவர். ஜீன் முறியாதிருந்தால் இரு நிறங்களும் இணைந்து மஞ்சளாய்த் தெரியும். முறிந்திருந்தால் சிவப்பும் பச்சையும் தனித்தனியே விலகி நிற்கும்.

நம் நாட்டில் கழுத்து நெறிக்கட்டி என்றாலே காசநோய் என்று எண்ணும் வழக்கம் உண்டு. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆயினும் பயாப்ஸி செய்யாமல் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்குவது தகாது. மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது லிம்போமாவை வகைப்படுத்தப் போதாமற் போகலாம். இயன்றவரை முழு முடிச்சையே எடுத்துச் சோதிப்பது நன்று. எடுத்த சதையை மெழுகுக்கட்டியில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் புரிந்துகொள்வர். வேறு ஊருக்குச் சிகிச்சைக்குப் போவோர் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துச் செல்லாமல், அந்தப் பிளாக்கையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். வெயில் படாமல் கைப்பையில் வைத்தால் போதும், மெழுகு உருகக்கூடியது.