சிவப்பைவிட மோசமான மஞ்சள்

ஒரு சின்னக் கேள்வி. சிவப்பு மோசமா, மஞ்சள் மோசமா?

‘இதெல்லாம் ஒரு கேள்வியா, சிவப்புதான்’ என்பீர்கள். டிராஃபிக் சிக்னலிலிருந்து புயல் எச்சரிக்கை வரை அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை வரைபடமும் அதையேதான் சொல்கிறது. பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள்.

ஆச்சா? இப்போது அதே துறை வெளியிட்டு வரும் இன்னொரு வரைபடத்தைப் பாருங்கள். எந்த மாவட்டத்தில் வழக்கத்தைவிட மழை எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைச்சல் என்று காட்டுகிற வரைபடம். இதில் சிவப்பு என்றால் மழை 20 முதல் 59 சதவிகிதம் குறைவு. மஞ்சள் என்றால் 60 முதல் 99 சதவிகிதம் குறைவு. அதாவது சிவப்பு மாவட்டத்துக்காரர் கவலைப்பட வேண்டும். மஞ்சள் மாவட்டத்துக்காரர் தலையில் கை வைத்து உட்கார வேண்டும். ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை என்றால்? வெள்ளை!

ஒரே துறை. ஒரே மஞ்சள். அங்கே ‘சும்மா பார்த்துக்கொண்டிரு’, இங்கே ‘குடி முழுகிப்போச்சு’.

‘அதனால் என்ன சார், ஓரத்தில் பெட்டி போட்டு எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று எழுதியிருக்கிறார்களே’ என்று பதில் வரும். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இங்கிலீஷில் இதற்கு ‘லெஜண்ட்’ என்று பெயர். சினிமா ஹீரோவுக்குப் பட்டமாகக் கொடுப்பார்களே, அதே வார்த்தை. மரியாதை மட்டும் நேர் எதிர். வரைபடம் முழுதும் முடிந்தபிறகு, எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே, எறும்பு ஊர்வது மாதிரி எழுத்தில் செருகப்படும் பெட்டி. பி.காம். படித்த எனக்கு இதைப் பார்த்தால் பேலன்ஸ் ஷீட்டின் கடைசிப் பக்கங்கள் ஞாபகம் வருகின்றன. பளபள அட்டையில் சேர்மன் சிரிப்பார். கடன் எவ்வளவு, கோர்ட் வழக்கு எத்தனை என்பதெல்லாம் பொடி எழுத்துக் குறிப்புகளில் ஒளிந்திருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அங்கிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார்கள். வரைபடத்திலும் அப்படித்தான். பெட்டி புரியாவிட்டால் மீதியெல்லாம் வெறும் கலர் பேப்பர்.

இது அழகியல் பிரச்னை இல்லை. வறட்சியை அறிவிக்க, 2016-ம் வருட மத்திய அரசுக் கையேட்டின்படி முதலில் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று மழைக் குறைவு. தன் மாவட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு விவசாயிக்குத் தெரிந்தால்தான் கலெக்டர் ஆபீஸில் போய் வாய் திறக்க முடியும். அவரிடம் ‘-59 டு -20’ என்று பெட்டியில் எழுதிக் காட்டினால் எது மைனஸ், எது நடுவில் வரும் கோடு என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ‘வழக்கமாக 100 மில்லி மீட்டர் பெய்யும் இடத்தில் 41 முதல் 80 வரைதான் பெய்திருக்கிறது’ என்று எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா?

இப்போதெல்லாம் வரைபடத்தைக் கையால் வரைவது அபூர்வம். சாஃப்ட்வேர் வரைகிறது. உதாரணத்துக்கு, 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கிய ‘கியூஜிஐஎஸ்’. காசு கொடுக்கவேண்டாம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அருமையான சாஃப்ட்வேர்தான். ஆனால், லெஜண்ட் விஷயத்தில் அது சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. நீங்கள் ஃபைலுக்கு ‘டிஸ்ட் ஃபைனல் நியூ 2’ என்று பெயர் வைத்திருந்தால், நீங்களாக மாற்றாதவரை பெட்டியிலும் அதையே எழுதிவிடும். நிலத்தின் உயரத்தைக் காட்டும் படம் போட்டால் ‘பேண்டு 1 (கிரே)’ என்று எழுதும். அது என்ன, கல்யாண ஊர்வலத்தில் வருகிற பேண்டு வாத்தியமா?

மாற்றலாம். பிரின்ட் எடுப்பதற்கான பக்கத்தில் ‘ஆட்டோ அப்டேட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த டிக்கை எடுத்தால் பெட்டியில் நம் இஷ்டத்துக்கு, நம் பாஷையில் எழுதலாம். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்க ஆளில்லாமல்தான் அந்த மாதிரிப் பெட்டிகளெல்லாம் ஊருக்கு வருகின்றன.

சாஃப்ட்வேர் தயாரிப்பவர்களையும் சும்மா விடக்கூடாது. கடிதம் டைப் அடித்தால் எழுத்துப்பிழைக்கு அடியில் சிவப்புக் கோடு போடத் தெரிகிறது. ‘இது ஃபைல் பெயர் மாதிரி இருக்கிறதே, ஜனங்களுக்குப் புரியுமா?’ என்று பிரின்ட்டுக்கு முன்னால் கேட்க மட்டும் ஏன் தெரியவில்லை? ‘வசதி கொடுத்திருக்கிறோம், அவர்கள் பயன்படுத்தவில்லை’ என்பது தப்பித்தல். பத்துப் பேரில் ஒன்பது பேர், கம்பெனி செட் பண்ணிக் கொடுத்ததைத் தொடவே மாட்டார்கள். டி.வி. ரிமோட்டில் எத்தனை பட்டனை நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள்?

அடுத்தது கண். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவிகிதம் பேருக்குச் சிவப்பு - பச்சை பேதம் சரியாகத் தெரியாது. நம் ஊரில் சதவிகிதம் இதைவிடக் குறைவாக இருந்தாலும், 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் அது சின்ன எண்ணிக்கை அல்ல. மழை வரைபடத்தில் இயல்பான மழைக்குப் பச்சை, குறைந்த மழைக்குச் சிவப்பு. இவர்கள் எதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வது?

இதற்கும் வழி எப்போதோ வந்தாகிவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து சிந்தியா ப்ரூவரும் மார்க் ஹாரோவரும் 2002-லேயே ‘கலர்ப்ரூவர்’ என்ற நிற அட்டவணையைக் கொடுத்துவிட்டார்கள். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் புரியும் வரிசைகளை அது தனியே காட்டும். அந்த வரிசைகள் கியூஜிஐஎஸ்-ஸுக்குள்ளேயே இருக்கின்றன. நிறக்குறைபாடு உள்ளவருக்கு இந்தப் படம் எப்படித் தெரியும், ஜெராக்ஸ் எடுத்தால் எப்படித் தெரியும் என்று ஒத்திகை பார்க்கும் வசதிகூட உண்டு. கத்தி கூர்மையாகத்தான் இருக்கிறது. காய் நறுக்கத்தான் ஆளில்லை.

‘பல வருஷமாக இதே நிறம். மாற்றினால் பழைய வரைபடங்களோடு ஒப்பிட முடியாது’ என்பார்கள். 1957-ல் அணாவை விட்டு நயா பைசாவுக்கு மாறிய நாடு சார் இது. அவ்வளவு தூரம் போவானேன்? பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்கள். சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்தது. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு இரண்டும் ஒன்றுதான். 2020-ல் வந்த உணவு லேபிள் விதி அசைவத்தை முக்கோணம் ஆக்கியது. பாக்கெட்டில் முடிந்தது வரைபடத்தில் முடியாதா? நிறத்தோடு கோடு, புள்ளி என்று ஏதாவது சேர்த்தால் போதுமே!

‘ஜனங்களுக்கு வரைபடமெல்லாம் புரியாது’ என்று இன்னொரு அலட்சியம். 2020 மே மாதம் ஞாபகமிருக்கிறதா? 130 மாவட்டம் சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை என்று மத்திய அரசு நாட்டைப் பிரித்தது. ‘ரெட் ஸோன்’ என்ற வார்த்தை ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மூன்றே நிறம். வரிசை மாறவில்லை. நிறமேதான் பெயர். புரிகிற மாதிரி சொன்னால் ஜனங்களுக்குப் புரியும்.

எனவே வானிலைத் துறையோ, நகரமைப்புத் துறையோ, மாநகராட்சியோ, வரைபடம் வெளியிடும் எல்லோரும் செய்யவேண்டியது கொஞ்சம்தான். மோசமானதற்கு எப்போதும் அழுத்தமான நிறம். பெட்டியில் மேலிருந்து கீழாக ஒரே வரிசை. சுருக்கெழுத்து வேண்டாம், முழு வார்த்தை. தமிழ்நாட்டுக்கான படத்தில் தமிழ். முக்கியமாக, இன்று வரைபடம் பார்க்கப்படுவது செல்போனில். நம் மாவட்டத்தை விரலால் பெரிதாக்கினால் பெட்டி திரைக்கு வெளியே ஓடிவிடுகிறது. பெட்டியைத் தேடினால் மாவட்டம் காணாமல் போகிறது. வாட்ஸ்அப்பில் யாராவது ஓரத்தை வெட்டி அனுப்பினால் பெட்டியே கிடையாது. ஆகவே இடம் இருக்கிற இடத்தில் மாவட்டத்தின் மேலேயே ‘மிகக் குறைவு’ என்று எழுதிவிடுங்கள்.

அந்த வரைபடத்துக்கான சம்பளம், கம்ப்யூட்டர், கரன்ட் எல்லாம் நம் வரிப்பணம். நம் காசில் வரைந்து நமக்கே புரியாமல் கொடுத்தால் அதற்குப் பெயர் தகவல் அல்ல, ரகசியம். என்ன, கலரில் அச்சடித்த ரகசியம்.