வட்டின் பெயரும் அடையாளமும்

யூனிக்ஸ் மரபில் வட்டும் ஒரு கோப்பே என்பது நம் துறையினர் கற்கும் முதற்பாடம். எனினும் அந்தச் சாதனக் கோப்புக்குள் தரவு ஏதும் இல்லை என்பதையும், கெர்னலின் எந்த டிரைவரை அழைப்பது, அதன் பொறுப்பிலுள்ள எந்த வட்டைத் தொடுவது என்று சொல்லும் இரண்டு எண்களே அதன் சர்வஸ்வமும் என்பதையும் அன்றாட அவசரத்தில் மறந்துவிடுகிறோம். டெவ் கோப்பகத்தைப் பட்டியலிட்டுப் பார்த்தால், எஸ்டிபி என்ற கோப்பின் வரியில் அளவு இருக்கவேண்டிய இடத்தில் 8, 16 என்று நிற்கும். 8 என்பது ஸ்கஸி வட்டு டிரைவருக்குரிய எண். வட்டு ஒவ்வொன்றுக்கும் அதன் பார்ட்டிஷன்களுக்குமாகப் பதினாறு துணை எண்கள் ஒதுக்கப்படுவதால், 16 என்பது வரிசையில் இரண்டாவதான வட்டு. அந்தப் பெயருக்கு அதற்கு மேல் அர்த்தம் கிடையாது.

வட்டு பெட்டிக்குள்ளேயே கேபிளால் பிணைந்திருந்த நாளில், எம்கேநாட் கட்டளையால் கோப்பைக் கையாலேயே சிருஷ்டித்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றியிராது. ஆனால் 2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 ஆக ஐஸ்கஸி நெறிமுறை வெளியாகி, ஸ்கஸி கட்டளைகள் டிசிபி வழியே பிரயாணம் செய்யத் தொடங்கிய பிறகு, எந்த ஸ்டோரேஜ் முதலில் விழிக்கிறது, எந்த டார்கெட்டில் லாகின் முதலில் நிறைவேறுகிறது என்பவையே வட்டுகள் தோன்றும் கிரமத்தை நிர்ணயிக்கின்றன. இன்று டேட்டாபேஸைத் தாங்கும் எஸ்டிசி, மறுதொடக்கத்துக்குப் பின் பேக்கப் வட்டாக வந்து நிற்கலாம்; பழைய பெயரை நம்பி எம்கேஎஃப்எஸ் ஓட்டுகிறவருக்கு அந்த விபரீதத்திலிருந்து மீட்சி இல்லை.

கோப்பை உண்டாக்குவது இப்போது நம் வேலையே அல்ல. 2009இல் வந்த 2.6.32 கெர்னல் முதற்கொண்டு டெவ்டிஎம்பிஎஃப்எஸ் அதைச் செய்துவிடுகிறது. கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2003இல் முன்வைத்த யூடெவ், அதன்மேல் நிலையான பெயர்களை இணைப்புகளாகச் சேர்க்கிறது. அவற்றுள் எதைப் பற்றிக்கொள்வது என்பதில்தான் நம் விவேகம் தேவைப்படுகிறது. பை-பாத் பெயரில் ஐபி முகவரியும் 3260 என்ற போர்ட்டும் டார்கெட்டின் ஐக்யூஎன்னும் லன் எண்ணும் தெளிவாகத் தெரிவதால் படிப்பதற்கு இனிது. ஆயினும் ஐபி மாறினால் பெயரும் மாறும். யூயூஐடி பலருக்குப் பிரியமானது. ஆனால் ஸ்டோரேஜில் எடுத்த ஸ்னாப்ஷாட்டை அதே சர்வரில் இணைத்த மாத்திரத்தில், ஒரே யூயூஐடியுடன் இரண்டு வட்டுகள் எதிரே நிற்கும். ஸ்டோரேஜே லன்னுக்கு வழங்கி, ஸ்கஸி விசாரணையின் 83ஆம் பக்கத்தில் அறிவிக்கும் பிரத்தியேக அடையாளத்துக்கு இவ்விரு தோஷங்களும் இல்லை. ஆகவே பை-ஐடி பெயர்களையே பிரமாணமாகக் கொள்ளவேண்டும் என்பது எம் திடமான அபிப்பிராயம். இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வழியாக ஒரே லன் இரண்டு கோப்புகளாகத் தோன்றும் இடத்தில், மல்டிபாத் உண்டாக்கும் மேப்பர் கோப்பைத் தவிர வேறெதையும் மவுண்ட் செய்யலாகாது.

அடுத்த பராமரிப்பு வேளைக்கு முன், வாசகர்கள் தத்தம் சர்வர்களின் எஃப்எஸ்டேப் கோப்பையும் பேக்கப் ஸ்கிரிப்டுகளையும் திறந்து, நெட்வொர்க் வட்டுகளுக்கு எஸ்டி எனத் தொடங்கும் பெயர் எங்கேனும் எஞ்சியிருந்தால் அதை அகற்றிவிடும்படியும், புதிய லன் கோரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதன் அடையாள எண்ணை எழுதிவைக்கும்படியும் வேண்டிக்கொள்கிறோம்.