"மூடிதானே" என்று சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கடலுக்குப் போகிற பிள்ளைகள் கட்டாயம் படியுங்கள். போகாதவர்கள், போகிறவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நம் கரையில் பைபர் படகுகளை எட்டிப் பார்த்தால் பெட்ரோல் கேன் சிலவற்றில் மூடியே இல்லை. கடலில் விழுந்திருக்கும், அல்லது எங்கோ உருண்டு போயிருக்கும். கேன் வாயில் பழைய லுங்கித் துணியைத் திணித்து, மேலே பாலிதீன் பையைப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். கேட்டால், "மூடிதானே சார், பார்த்துக்கலாம்" என்கிறார்கள். இந்தப் பேச்சை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த மூடிக்கு மூன்று வேலை இருக்கிறது. துணியால் அதில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது.

முதல் வேலை, தண்ணீரைத் தடுப்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ எடை. ஒரு லிட்டர் கடல்நீர் ஒரு கிலோவுக்கும் மேல். துணி வழியாக இறங்கும் தண்ணீர் நேராக அடியில் போய்த் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. அப்படியென்றால் எஞ்சின் முதலில் எதைக் குடிக்கும்? இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தைக்கூட இழுக்கும். அலை அடிக்காவிட்டாலும் திறந்த கேனுக்கு ஆபத்துதான். மண்ணெண்ணெயில் ஓட்டுகிறவர்கள் சிரிக்க வேண்டாம். மண்ணெண்ணெயும் தண்ணீரின் மேல் மிதப்பதுதான்.

இரண்டாவது வேலை, ஆவியை அடைத்து வைப்பது. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடுவது பெட்ரோல். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் படகின் பள்ளத்தில் தேங்கி நிற்கும். பக்கத்தில் ஒருவர் பீடி பற்றவைப்பார், இன்னொருவர் பேட்டரி வயரை உரசுவார். பெட்ரோலில் நனைந்த துணியின் ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே. இதற்கு விளக்குத் திரி என்று பெயர்.

மூன்றாவது வேலை, அளவாகக் காற்று விடுவது. மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறதே, அது அழகுக்காக வைத்ததல்ல. பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் ஒழுங்காக வராது, இரண்டாவது ஓட்டை போட்டால்தான் வரும் என்று வகுப்பில் செய்து காட்டியது நினைவிருக்கிறதா? அதே பாடம்தான். எஞ்சின் ஓடும்போது திருகைத் திறக்க வேண்டும். நிறுத்தியதும் மூட வேண்டும். பாலிதீன் பையை இறுக்கிக் கட்டினால் உள்ளே காற்று போகாமல் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் நின்றுவிடும். தளர்த்திக் கட்டினால் தண்ணீர் போகும்.

நின்றால் என்ன, இழுத்துக்கொண்டு வரலாம் என்பீர்கள். பாய்மரம் இருந்த காலத்தில் காற்றை நம்பிக் கரை சேர்ந்தார்கள். இன்று பல படகுகளில் பாயும் இல்லை, உருப்படியான துடுப்பும் இல்லை. பாக் நீரிணையில் 1974 ஒப்பந்தத்தில் போட்ட எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. நின்றுபோன படகை நீரோட்டம் எங்கே கொண்டுபோகும் என்று யார் பொறுப்பேற்பது? காவல் படகில் வருகிறவரிடம் மூடி தொலைந்த கதையைச் சொல்லித் தப்ப முடியுமா?

அடுத்து கடைக்காரர்கள். உறவுக்காரத் தம்பி ஒருவனுடன் மூடி வாங்கப் போனேன். "மூடி தனியா வராது சார், கேனோட எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். இது என்ன நியாயம்? சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்றச் சொல்வது போல. பல அளவு இருக்கிறது, எதை வாங்கி வைப்பது என்று அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு கரையிலும் எந்தக் கேன் அதிகம் என்று கணக்கெடுத்து, மீனவர் கூட்டுறவுச் சங்கம் மொத்தமாகக் கேட்டு வாங்கட்டும். எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, பிளக் அடுக்கியிருக்கும் அலமாரியில் பத்து மூடிக்கு இடம் இல்லையா?

வாங்கும்போது கவனியுங்கள். விரலால் அளந்துகொண்டு போகாதீர்கள். அதே வகைக் கேனின் மூடியைப் பக்கத்துப் படகிலிருந்து வாங்கிக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். மரை கடைசிவரை லேசாகச் சுற்ற வேண்டும். ஒன்றரைச் சுற்றில் இறுகினால் அது உங்கள் கேனுக்கானது அல்ல. உள்ளே வைக்கும் வாஷரை சைக்கிள் டியூபில் வெட்டாதீர்கள். பெட்ரோல் பட்டால் உப்பிவிடும். நைட்ரைல் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஒரு முழம் நைலான் கயிற்றில் மூடியைக் கேனின் கைப்பிடியோடு கட்டிவிடுங்கள். திருகுத் துளையை மட்டும் மறைக்காதீர்கள்.

மூடி கிடைக்கும்வரை அந்தக் கேன் கடலுக்குப் போகக்கூடாது. மூடியுள்ள கேனை இரவல் வாங்குங்கள். பழைய கேனின் அடியில் உள்ளதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் அது எஞ்சினுக்கு ஆகாது.

எந்த ஊரில் மூடி தனியாகக் கிடைக்கிறது, அதன் வாய் எத்தனை மில்லிமீட்டர் என்று கீழே எழுதுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து நானே பதிவிடுகிறேன்.