விமானத்திலிருந்து விமானம் தெரிய வேண்டும்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்பு 2020 ஆகஸ்ட் மாதம் வெளிவந்தபோது, உலகமே கணினித் திரைக்குள் வந்துவிட்டதாகப் பலரும் வியந்தார்கள். லண்டனுக்கு மேல் பறந்தவர்களுக்கோ சிரிப்பு வந்தது. பக்கிங்ஹாம் அரண்மனை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடம் நின்றது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் புறநகர் ஒன்றில், தாழ்வான வீடுகளுக்கு நடுவே 212 மாடிக் கட்டடம் ஒன்று வானைத் தொட்டது. திறந்த வரைபடம் ஒன்றில் 2 மாடி என்பதற்குப் பதிலாக யாரோ 212 என்று தட்டச்சு செய்திருந்ததே அதற்குக் காரணம்.

பூமியில் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் மனிதர்கள் உட்கார்ந்து வரைய முடியாது. அதனால் மேலிருந்து எடுத்த படங்களையும் வரைபடத் தரவுகளையும் வைத்துக் கணினியே கட்டடங்களை ஊகித்து எழுப்புகிறது. அளந்து எடுத்த முப்பரிமாணத் தரவோ, யாராவது கையால் செய்த மாதிரியோ இருக்கும் இடங்கள்தான் அசலைப்போலத் தெரியும். மற்றவை எல்லாம் ஊகம்.

இப்போது லிட்டில் இந்தியாவை வானத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். 1989ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. இதன் அழகு முழுவதும் கடைவீடுகளின் முகப்பில் இருக்கிறது. நேர்மேலே இருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை மட்டுமே தெரியும். மாலை கட்டும் கடைகள் இருக்கும் ஐந்தடி நடைபாதை கூரைக்கு அடியில் மறைந்துவிடும். கெர்பாவ் சாலையில் உள்ள டான் டெங் நியா வீட்டின் வண்ணச் சன்னல்கள் காணாமல் போகும். சிராங்கூன் சாலையின் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயக் கோபுரமும், தைப்பூச ஊர்வலம் தொடங்கும் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் ஐந்து நிலை ராஜகோபுரமும் உச்சியிலிருந்து பார்க்கும்போது சிறு செவ்வகங்கள்தான். அதை வைத்து ஒரு கணினி என்ன ஊகிக்கும்?

தமிழில் விமானம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று வானில் பறப்பது. மற்றொன்று கோயில் கருவறைக்கு மேல் எழுவது. முதல் விமானத்தில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டாவது விமானம் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. அதைச் செய்யவேண்டியவர்கள் நம் இளையர்கள். அவர்களைத் தடுப்பது திறமைக் குறைவு அல்ல, பணமும் அல்ல. பெரும்பாலும் செருகுநிரல் எனப்படும் ஒரு சிறிய மென்பொருளைச் சரியாக நிறுவத் தெரியாததே தடையாக இருக்கிறது என்பது என் கருத்து.

முப்பரிமாண மாதிரி செய்யப் பலரும் பயன்படுத்தும் பிளெண்டர் மென்பொருள் இலவசம். 2002ல் அதன் ஆதரவாளர்கள் ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, அதன் மூலநிரலை எல்லாருக்கும் உரியதாக்கினார்கள். ஆனால் பிளெண்டரில் செய்த கோபுரத்தை சிமுலேட்டர் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் ஜிஎல்டிஎஃப் என்ற கோப்பு வடிவத்தைத் தனக்கென்று சில சேர்க்கைகளுடன் எதிர்பார்க்கிறது. எக்ஸ்-பிளேனுக்குத் தனி வடிவம் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியரில் ஏசி3டி வடிவம் வழக்கில் உள்ளது. மாதிரியை அந்தந்த சிமுலேட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தருவதே செருகுநிரலின் வேலை.

அந்த மாற்றத்தில் நிறைய விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. பிளெண்டரில் மேல்திசையைக் குறிப்பது இசட் அச்சு. ஜிஎல்டிஎஃப் வடிவத்தில் அது ஒய் அச்சு. இதைச் செருகுநிரல் மாற்றாவிட்டால் கோபுரம் படுத்துவிடும். கல் எவ்வளவு சொரசொரப்பு, கலசம் எவ்வளவு பளபளப்பு என்பதையும் அதுவே எடுத்துச் செல்கிறது. தொலைவிலிருந்து பார்க்கும்போது எளிய மாதிரியும் அருகில் வரும்போது நுணுக்கமான மாதிரியும் தெரிய வேண்டும் என்ற ஏற்பாடும் அதன் வழியாகவே போகிறது. விமான மாதிரியாக இருந்தால், எந்தப் பாகம் சக்கரம், எந்தப் பாகம் இறக்கையின் மடிப்பு, எது எப்போது அசைய வேண்டும் என்ற குறிப்புகளும் சேர்ந்துகொள்ளும்.

என் நண்பர்கள் சிலர் வாரக்கணக்கில் உழைத்து அழகான மாதிரிகளைச் செய்தார்கள். ஏற்றுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது அங்கே சிமுலேட்டரின் பெயரே இல்லை. இரண்டு மாலைப்பொழுது முயன்றுவிட்டு, “இதெல்லாம் நமக்குச் சரிவராது” என்று மூடி வைத்துவிட்டார்கள். மாதிரி செய்வதில் அவர்களிடம் குறையே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டத்தான் ஆளில்லை.

வழி அவ்வளவு கடினமானது அல்ல. முதலில், செருகுநிரலின் விளக்கக் குறிப்பில் எந்த பிளெண்டர் பதிப்புக்கு உரியது என்று எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ஆகப் புதிய பதிப்பே நல்லது என்ற பழக்கம் இங்கே உதவாது. செருகுநிரலை எழுதுபவர்கள் பலர் ஓய்வுநேரத்தில் எழுதுகிறார்கள். பிளெண்டர் மாறும் வேகத்துக்கு அவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஒரே கணினியில் இரண்டு பிளெண்டர் பதிப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், நீண்டகால ஆதரவு உள்ள பழைய பதிப்பு ஒன்றை இதற்கென்று ஒதுக்கிவிடலாம். அடுத்து, வெளியீட்டுப் பக்கத்தில் உள்ள ஜிப் கோப்பை இறக்கி, அதைப் பிரிக்காமல் அப்படியே அமைப்புகள் பகுதியின் வழியாக நிறுவ வேண்டும். நிறுவியபின் பெயருக்கு அருகே உள்ள கட்டத்தில் குறியிட வேண்டும். பலர் தவறவிடும் படி இதுதான். சிமுலேட்டர் பக்கத்தில் மேம்பாட்டாளர் நிலையை இயக்கி, அதற்குரிய கருவித்தொகுப்பையும் நிறுவ வேண்டும்.

இன்னொன்றையும் வலியுறுத்துவேன். கோபுரத்தை முடித்துவிட்டு ஏற்றுமதி செய்யலாம் என்று காத்திருக்கக்கூடாது. முதல் நாளே ஒரு வெறும் கனசதுரத்தைச் செய்து, அதை சிமுலேட்டருக்குள் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க வேண்டும். பாதை திறந்திருக்கிறது என்று தெரிந்தபின் உழைத்தால் உழைப்பு வீண்போகாது.

“விளையாட்டுக்கு இவ்வளவு பாடா?” என்று பெற்றோர் கேட்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நாடு முழுவதற்கும் முப்பரிமாண மின்னிலக்க மாதிரி உருவாக்கும் ‘வெர்ச்சுவல் சிங்கப்பூர்’ திட்டம் 2014ல் அறிவிக்கப்பட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும். கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், விமானப் பயிற்சி என்று பல துறைகளில் ஒரு மென்பொருளின் மாதிரியை இன்னொன்றுக்குப் பிழையில்லாமல் மாற்றுவது அன்றாட வேலை. சிலேத்தாரில் 2016ல் திறக்கப்பட்ட ஏர்பஸ் ஆசியப் பயிற்சி நிலையத்தில் விமானிகள் பழகுவதும் சிமுலேட்டர்களில்தான். பதிப்புகளைப் பொருத்துவது, குறிப்பைப் பொறுமையாகப் படிப்பது, பிழைச் செய்தியிலிருந்து காரணத்தைத் தேடுவது ஆகியவை எந்த வேலைக்குப் போனாலும் கைகொடுக்கும்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் வரைந்துவிடும் என்று சிலர் சொல்லலாம். பக்கிங்ஹாம் அரண்மனையை அலுவலகமாக்கியதே கணினியின் ஊகம்தான். இன்றைய கருவிகள் அன்றைவிடச் சிறந்தவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கோபுரத்தில் உள்ள எல்லாச் சிற்பங்களையும் முழு வடிவில் செய்தால் சிமுலேட்டர் திணறிவிடும். சிலவற்றைத் தட்டையான படமாக மாற்ற வேண்டும், சிலவற்றை விட்டுவிட வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது? நிலைகள் எத்தனை, கலசங்கள் எத்தனை, கோபுரம் எது, விமானம் எது? இதற்கு விடை நம் வீட்டுப் பெரியவர்களிடமும் கோயிலில் பணிபுரிவோரிடமும் இருக்கிறது. அவர்களிடம் கேட்கத் தமிழ் வேண்டும்.

அதனால்தான் இந்தப் பயிற்சி தமிழில் நடக்க வேண்டும் என்கிறேன். ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கிறது. பேச்சு, கவிதை, நாடகம் எல்லாம் தேவைதான். அவற்றோடு ஒரு சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்கி, மடிக்கணினியோடு வரும் இருபது மாணவர்களுக்குச் செருகுநிரல் நிறுவுவதைக் கற்றுத்தரலாம். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள தமிழ் மன்றங்கள் இதை ஏற்று நடத்தலாம். ‘அச்சு’, ‘பதிப்பு’, ‘ஏற்றுமதி’ போன்ற சொற்கள் பாடநூலிலிருந்து வேலைமேசைக்கு வர அதுவும் ஒரு வாய்ப்பு.

முதல் ஆண்டு ஒரு கோயிலும் நான்கு கடைவீடுகளும் போதும். கோயில் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுப் படம் எடுத்து, அளவு பார்த்து, பெரியவர்களிடம் விவரம் கேட்டுச் செய்யலாம். அடுத்த ஆண்டு காலாங் விமான நிலையத்துக்குப் போகலாம். 1937ல் திறக்கப்பட்டு 1955ல் மூடப்பட்ட அதன் முனையக் கட்டடம் இன்னும் நிற்கிறது, ஓடுபாதைதான் இல்லை. சிமுலேட்டரில் அந்த ஓடுபாதையை மீண்டும் போடலாம். அங்கிருந்து புறப்படும் ஒரு சிறு விமானம் சிராங்கூன் சாலைக்கு மேல் திரும்பும்போது கீழே என்ன தெரிய வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

ஆர்வம் உள்ளவர்கள் இந்த வார இறுதியிலேயே அந்தக் கனசதுரத்தோடு தொடங்கலாம்.